பொழுதோட வந்து எடுத்துக்கறேன்

எதிர் வீட்டுக் கலாமணியின் கணவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பார்சலில் வந்தார். கலாமணி கதவைத் திறக்காததால் அவரை என் வீட்டில் இறக்கினார்கள்.

கொண்டுவந்தவர் ஷாநவாஸ். எங்கள் தெருவுக்கு எந்தப் பார்சல் வந்தாலும் அவர்தான் கொண்டுவருவார். தாடி நரைத்தவர். பெட்டியைத் தோளில் ஏற்றி மாடிப்படி ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"எதுத்த ஊடு பூட்டியிருக்குதுங்கக்கா. நீங்க வாங்கி வெச்சுக்குங்க."

"என்ன இது?"

"ஊட்டுக்காரருங்க. மஸ்கட்டுல இருந்து."

"கனமா இருக்குமா?"

"ஆளு கனம்தானுங்க."

அவர் நீட்டிய ஃபோனில் விரலால் கையெழுத்துப் போட்டேன். பெட்டியை ஹாலில் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் அடுக்குமாடியில் பகலில் மணி அடித்ததும் கதவைத் திறப்பவள் நான் ஒருத்திதான். வீட்டிலிருந்தே புடவைகளுக்கு ஃபால்ஸ் தைக்கிறேன். அதனால் யாருக்கு எது வந்தாலும் என்னிடம் வந்துவிடும். மேல்வீட்டு மிக்ஸி, கீழ்வீட்டு மின்விசிறி, டாக்டரம்மாவின் யோகா விரிப்பு, யாருக்கோ வந்த ஒற்றைக்கால் செருப்பு. வாங்கி வைத்ததும் ஃபோன் செய்து சொல்வேன். "அப்படிங்களா, வர்றேனுங்க" என்பார்கள். வர மாட்டார்கள். என் ஹாலில் சோபா இருந்த இடத்தில் இப்போது மற்றவர்கள் வீட்டுச் சாமான் இருக்கிறது. சோபா எங்கே போனது என்று எனக்குத் தெரியாது.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. யாராவது வந்து எடுத்துக்கொள்வார்கள் என்று முன்கதவைத் தாழ்ப்பாள் போடாமல் வைத்திருப்பேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க முறுக்கு வாங்கி வைத்திருப்பேன். அது நமுத்துப் போனதும் நானே தின்றுவிட்டு வேறு வாங்குவேன்.

பெட்டியின் மேல் போட்டிருந்த அம்புக்குறி தரையைப் பார்த்திருந்தது.

"ஏனுங்க, சித்தெ திருப்பி வெக்கறீங்களா? தலைகீழா இருக்கறனுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

முட்டுக்கொடுத்துத் திருப்பினேன். அவர் உருண்டு நிமிரும் சத்தம் கேட்டது.

"கலாமணிங்களா?"

"இல்லைங்க. எதுத்த ஊடு. சுலோச்சனா."

"ஓ."

பிறகு, "நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டார்.

என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. எழுந்து போய் மின்விசிறியைப் போட்டேன்.

கலாமணிக்கு ஃபோன் செய்தேன். எதிர் வீட்டுக்குள் மணி அடிப்பது எனக்கே கேட்டது.

"கலாமணி, உன்ற ஊட்டுக்காரர் வந்திருக்கறாரு."

"வந்துட்டாருங்களா."

"ஊடு பூட்டியிருந்துச்சுன்னு எங்கிட்டக் கொடுத்துட்டாங்க."

"உள்ளதான் இருந்தேனுங்கக்கா."

"அப்புறம்?"

"மாவாட்டிட்டு இருந்தேன்." கலாமணி இட்லி மாவு ஆட்டி, தெருவில் உள்ள வீடுகளுக்குக் கொடுக்கிறவள். "பொழுதோட வந்து எடுத்துக்கறேனுங்கக்கா" என்று வைத்துவிட்டாள்.

பொழுதோட என்றால் எங்கள் பக்கத்தில் சாயங்காலம்.

அன்று சாயங்காலம் வரவில்லை.

கலாமணி வரவில்லை என்று சொல்லவில்லை. அவளும் வரவில்லை, சாயங்காலமும் வரவில்லை. வெயில் உச்சியில் நின்றது. கொஞ்சம் மேற்கே சாய்ந்தது. அப்புறம் வாசலில் பால் பாக்கெட் விழும் சத்தம் கேட்டது. பார்த்தால் புதன்கிழமை காலை. மறுநாளும் அப்படித்தான். மத்தியானம் முடிந்ததும் நேராக வியாழக்கிழமைக் காலை வந்து நின்றது.

பெட்டியைப் பிரிக்க எனக்கு உரிமையில்லை. அடுத்தவர் பார்சலை நான் பிரித்ததே கிடையாது. ஆனால் பெட்டியைத் தூக்குவதற்கு இரண்டு பக்கமும் ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியாக உறிஞ்சுகுழாய் வைத்து ரசம் கொடுத்தேன். இட்லியை விண்டு விண்டு கொடுத்தேன். அவருடைய விரல் நுனிகள் வெளியே வந்து வாங்கிக்கொண்டு உள்ளே போகும். நகங்களைச் சுத்தமாக வெட்டியிருந்தார். வீட்டுக்கு வருகிறோம் என்று வெட்டிக்கொண்டதாகச் சொன்னார்.

பெயர் கனகராஜ். மஸ்கட்டில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலை. போகும்போது தலையில் முடி இருந்ததாம்.

"வர்றதுக்கு முன்னாடி எம் பெட்டியை நானே கட்டிக்கிட்டேனுங்க. வெளிப்பக்கம் டேப் ஒட்டறதுக்கு மட்டும் ஒரு நேப்பாளத்துக்காரரு உதவி பண்ணாரு."

"பயமா இல்லைங்களா?"

"பழக்கம்தானுங்க."

நான் தைத்துக்கொண்டே பேசுவேன். தைக்கும்போது பேசிப் பழக்கமில்லாததால் முதலில் விரலில் குத்திக்கொண்டேன். ஒருநாள் ஏதோ நினைவில் கையை நிறுத்திவிட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊசி நின்னுருச்சுங்களே" என்றார் பெட்டிக்குள்ளிருந்து.

"உங்களுக்குக் கேக்குதா?"

"நூல் இழுக்கற சத்தம் வந்துட்டே இருந்துச்சு. இப்ப இல்லீங்க. ஏதாச்சும் மனசு சரியில்லைங்களா?"

நான் எதற்கு நின்றேன், எப்போது நின்றேன் என்று இதுவரை யாரும் கவனித்ததில்லை. அன்று அவரிடம் நிறையச் சொன்னேன். கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை, அது அப்படியே ஆகிவிட்டது என்று சொன்னேன். திருப்பூரில் இருக்கும் தங்கை, "அக்கா, சும்மாதான கூப்பிட்ட? வெச்சர்றேன்" என்று ஃபோனை வைத்துவிடுவதைச் சொன்னேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். ஒரு "ம்" கூட இடம் தவறி விழவில்லை.

தினமும் காலையில் பெருக்கும்போது பெட்டியை நகர்த்துவேன். முதல் நாள் அது அசையவே இல்லை. பிறகு முட்டியால் தள்ள முடிந்தது. பிறகு துடைப்பத்தாலேயே தள்ள முடிந்தது.

"இளைச்சுட்டே வர்றீங்களா?" என்று கேட்டேன்.

"எடுக்காம கெடக்கற பார்சல் அப்படித்தானுங்க ஆகும். கிடங்குல நெறையப் பாத்திருக்கறேன்."

"கடைசில என்ன ஆகும்?"

"பெட்டி மட்டும் இருக்குமுங்க."

கலாமணிக்குத் தினமும் ஃபோன் செய்தேன். தினமும் "பொழுதோட வர்றேனுங்கக்கா" என்றாள். அவள் அப்படிச் சொல்லச் சொல்ல அவள் வீட்டுக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனது. முன்பெல்லாம் என் வாசலிலிருந்து கையை நீட்டினால் அவள் கதவில் கட்டியிருக்கும் மாவிலையைத் தொடலாம். இப்போது இரண்டு வாசலுக்கும் இடையிலுள்ள நடை நீண்டுகொண்டே போய், அவள் கதவு தூரத்தில் ஒரு தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. நடுவில் யாரோ ஒரு டீக்கடை போட்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அர்த்தநாரி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. உள்ளே வரவில்லை. வாசல்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"ஏனுங்க, சாயங்காலத்த நீங்கதான் புடிச்சு வெச்சிருக்கறீங்களாமா?"

"நான் இல்லைங்க. கலாமணி பொழுதோட வர்றேன்னு சொல்லியிருக்கறா. அவ வராம அது எப்படி வரும்?"

"கொழந்தைங்க வெளையாடப் போக முடியலீங்க. வாக்கிங் போக முடியல. பூக்காரம்மா மொட்டை வெச்சுட்டு ஒக்காந்திருக்குது, விரிய மாட்டேங்குது. வேலைக்குப் போனவங்க வேலையிலயே இருக்கறாங்க."

"கலாமணிகிட்டச் சொல்லுங்க."

"பார்சல் யாரு ஊட்டுல இருக்குது?"

"எங்கூட்டுல."

"அப்ப உங்ககிட்டத்தானுங்க கேக்க முடியும்?"

நான் யோசித்தேன். அவர் சொன்னதில் தவறு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"உங்களுக்கும் ஒரு பார்சல் வந்திருக்குதுங்க. வடிகட்டி. பொங்கலுக்கு முன்னாடி வந்தது" என்றேன்.

"வர்றேனுங்க, வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வடிகட்டிப் பெட்டி அவருக்கு ஒரு கை நீட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அன்றே கனகராஜை நானே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். வழிக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டேன். பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தேன். அந்த அளவுக்கு லேசாகியிருந்தார்.

"எங்கீங்க போறோம்?"

"உங்கூட்டுக்கு."

உள்ளே தலை சீவும் சத்தம் மட்டும் கேட்டது. முடி இல்லாதவர் எதைச் சீவுகிறார் என்று நான் கேட்கவில்லை.

நடை வெகுநீளம். இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர். டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்தோம். அவருக்கு ஓட்டை வழியாகக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "எடுக்கலீங்களா?" என்று கேட்டார். "எடுக்கல" என்றேன். "இந்தப் பக்கம் போறவங்க எல்லாருமே பெட்டியோடதான் போறாங்க. பெட்டியோடதான் திரும்பி வர்றாங்க" என்றார். சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தார்.

ஒருவழியாகக் கலாமணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மணியை அடித்தேன். கதவு திறந்தது. அவள் கை முழங்கை வரைக்கும் மாவாக இருந்தது.

"நான்தான் வர்றேன்னு சொன்னேனேக்கா."

"சாயங்காலம் வர மாட்டேங்குது, கலாமணி."

"தெரியும். பூக்காரம்மா வந்து அழுதுட்டுப் போச்சு."

"உன்ற பேருதான் போட்டிருக்குது பாரு."

குனிந்து படித்தாள். விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள்.

"எம் பேருதான். நான் கேட்டதுதான். எப்பக் கேட்டேன்னு கேளுங்க."

பெட்டியிலிருந்து சத்தம் இல்லை. நான்தான் கேட்டேன்.

"எப்பக் கேட்ட?"

"பிரியா வயித்துல இருக்கறப்ப. பனிக்குடம் ஒடஞ்சு, நானே ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆட்டோல ஒக்காந்துட்டு ஃபோன்ல கேட்டேன், வாங்கன்னு. சரின்னாரு. இப்பப் பிரியா காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கறா. அப்பக் கேட்டது இப்ப வந்திருக்குது. நான் என்னத்தக்கா பண்றது?"

அவள் தோளுக்கு மேலே வீட்டைப் பார்த்தேன். ஒரு நாற்காலி. ஒரு தட்டு. சுவர்கள் அவளை ஒட்டி வந்து நின்றிருந்தன. அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி அந்த வீடு அவளுக்குச் சரியாக இருந்தது. இன்னொரு ஆள் உள்ளே போக வேண்டுமென்றால் எங்காவது தையலைப் பிரித்துவிடத்தான் வேண்டும்.

"கலா" என்றார் கனகராஜ்.

அவள் என்னைப் பார்த்தபடியே இருந்தாள்.

"ஏதாச்சும் சாப்பிட்டாருங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ரசம் கொடுத்தேன்."

"பூண்டு போட்டா?"

"போட்டுத்தான்."

"பூண்டு அவருக்கு ஆகாதே. குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"ஆகாதுன்னு சொல்லலீங்களா?"

"இல்லையே. தினமும் குடிக்கறாரு."

கலாமணியின் முகம் மாறியது. கோபமா வேறொன்றா என்று எனக்குப் புரியவில்லை. கையிலிருந்த மாவு கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது.

"எங்கிட்டன்னா தட்டைத் தள்ளிவிடுவாரு" என்றாள். பிறகு, "பொழுதோட வர்றேனுங்கக்கா" என்று கதவைச் சாத்தினாள்.

திரும்பும்போது நடையே இல்லை. இரண்டு எட்டு வைத்ததும் என் வீடு வந்துவிட்டது. தயிர்சாதத்தைப் பிரிக்கக்கூட நேரமில்லை.

நான் ஊசியில் நூல் கோத்து உட்கார்ந்த பிறகு, "கலா குரல் மாறிப்போச்சுங்க" என்றார் கனகராஜ். "முன்னெல்லாம் மெல்லிசா இருக்கும்."

மறுநாள் ஷாநவாஸ் வந்தார். கையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் வைத்திருந்தார். அதைப் பெட்டியின் மேல் ஒட்டினார்.

"நாளைக்கு ரிட்டர்ன் எடுத்துட்டுப் போயிருவேனுங்கக்கா. எடுக்காம ரொம்ப நாளாச்சு."

"மறுபடி மஸ்கட்டுக்கா?"

"அங்கெல்லாம் போகாதுங்க. குடோன்ல போட்டுருவாங்க."

"அங்க யாரு பாத்துக்குவாங்க?"

"குடோனுங்கக்கா" என்றார், நான் ஏதோ புரியாமல் கேட்டுவிட்டதைப் போல.

அவர் போனதும் நான் கடைசிப் புடவையைத் தைத்து மடித்து வைத்தேன். அப்போது கனகராஜ் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லட்டுங்களா? கம்பெனில ஒரு சட்டம் இருக்குது. எடுக்காத பார்சலை யாரு பிரிக்கறாங்களோ அவங்களுக்கே அது சேந்துரும். ரிட்டர்ன் எடுக்க முடியாது."

"அப்படியா?"

"நீங்களே பிரிச்சிருங்களேன்."

தையல் கத்தரி என் மடியில்தான் இருந்தது. எடுத்தேன். பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். டேப்பின் விளிம்பில் கத்தரியின் நுனியை வைத்தேன். உள்ளே அவர் மூச்சை அடக்கிக்கொண்டது தெரிந்தது. நானும் அடக்கிக்கொண்டேன். ஒரு இழுப்பில் வேலை முடிந்துவிடும். நாளைக் காலையில் ஹாலில் ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊசி நின்றால் ஏன் என்று கேட்பார். இரண்டு டம்ளர் காபி போடலாம். அதையெல்லாம் நான் அந்த ஒரு மூச்சில் நினைத்தேன். அது போதாமல் அவருக்கு ஒரு சட்டை கூடத் தைத்து முடித்தேன்.

"பூண்டு உங்களுக்கு ஆகாதாமே?" என்று கேட்டேன்.

"ஆகாதுங்க. வயித்துல பொருமிக்கும்."

"அப்புறம் ஏன் குடிச்சீங்க?"

"நீங்க கொடுத்தீங்க. வேண்டாம்னு எப்படிங்க சொல்றது?"

நான் கத்தரியைக் கீழே வைத்தேன்.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் எனக்கு வலித்தது. விருந்தாளி அப்படித்தான் பேசுவார். பத்து வருஷம் என் ஹாலில் இருந்தாலும் இவர் எனக்கு "ம்" கொட்டிக்கொண்டு, வயிறு பொருமப் பொருமப் பூண்டு ரசம் குடித்துக்கொண்டுதான் இருப்பார். தட்டைத் தள்ளிவிடுகிற வீடு அவருக்கு எதிரில் இருந்தது.

எழுந்து போய்க் கலாமணிக்கு ஃபோன் செய்தேன்.

"பொழுதோட வர்றேனுங்க…" என்று அவள் ஆரம்பித்தாள்.

"அதுக்குக் கூப்பிடல. பூண்டு ஆகாதுன்னு இன்னிக்குச் சொல்லிட்டாரு."

ஃபோனில் கிரைண்டர் சத்தம் கேட்டது.

"யார்கிட்டச் சொன்னாரு?"

"எங்கிட்ட."

"என்னன்னு?"

"வயித்துல பொருமிக்கும்னு."

கிரைண்டர் நின்றது.

"அதை அவரு எங்கிட்டத்தானுங்கக்கா சொல்லோணும்?" என்றாள். "இருங்க" என்றாள். பொழுதோட என்று சொல்லவில்லை.

வாசலில் போய் நின்று பார்த்தேன். தூரத்தில் அந்தத் தீப்பெட்டிக் கதவு திறந்தது. கலாமணி நடந்து வந்தாள். வழியில் டீக்கடைக்காரர் ஏதோ கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லாமல் கடந்தாள். அவள் கடந்ததும் அவர் பாய்லரை அணைத்துவிட்டு பெஞ்சை மடிக்க ஆரம்பித்தார். அவள் வரவர நடை அவளுக்குப் பின்னால் பாய் மாதிரி சுருண்டுகொண்டே வந்தது.

உள்ளே வந்தாள். பெட்டியின் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு ஸ்டிக்கரைப் பார்த்தாள்.

பிறகு திட்ட ஆரம்பித்தாள்.

நான் அப்படி ஒரு திட்டைக் கேட்டதில்லை. ஆட்டோவிலிருந்து ஆரம்பித்தாள். குழந்தைக்குப் பேர் வைத்தபோது பேர் சொல்ல ஆள் இல்லாமல் மாமனார் சொன்னது, அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது, அவள் அம்மா செத்தபோது ஃபோனில் அழுகை மட்டும் அனுப்பியது, பிரியா வயசுக்கு வந்த அன்று டாலர் வைத்த செயினும் நாலு சோப்புக்கட்டியும் அனுப்பியது, எல்லாம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்குள்ளிருந்து "ஆமா" என்று ஒரு குரல் வந்தது. அது என்னிடம் சொன்ன "ம்" போல இல்லை. சில "ஆமா" இடம் தவறி விழுந்தது. ஒரு இடத்தில், "அது அப்படி இல்ல கலா" என்றது. "எது அப்படி இல்ல?" என்று அவள் எகிறினாள். "சோப்பு நாலு இல்ல. ஆறு." அவள் இன்னும் கோபமாகத் திட்டினாள்.

அவள் திட்டத் திட்டப் பெட்டி கனத்தது. முதலில் அட்டை விறைத்தது. பிறகு அடியில் டைல்ஸ் நெரிந்தது. ஹாலின் தரை அந்தப் பக்கம் சற்றுத் தாழ்ந்து, ஒற்றைக்கால் செருப்பு அதை நோக்கிச் சறுக்கிக்கொண்டு போனது.

நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். அவர்கள் பேசுவதைக் கேட்கக் கூடாது என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். பிறகு கேட்க வேண்டும் என்று மூடினேன்.

ஜன்னல் கம்பியின் நிழல் சுவரில் நீள ஆரம்பித்தது. நான் அதைப் பார்த்தேன். அது மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சளானது. கீழே பூக்காரம்மா "ஐயோ, விரியுது விரியுது" என்று கூவினாள். வராமல் இருந்த எல்லா நாட்களின் சாயங்காலமும் ஒன்றாக வந்துவிட்டது. அதனால் அது மிகக் கெட்டியாக இருந்தது. வேலைக்குப் போனவர்கள் கூட்டமாகப் படியேறி வந்தார்கள். குழந்தைகள் இறங்கி ஓடினார்கள். யார் வீட்டிலோ எல்லாச் சாயங்காலத்துக்கும் சேர்த்து விளக்கேற்றினார்கள். வரிசையாகத் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அக்கா" என்று கலாமணி கூப்பிட்டாள். "தூக்க முடியல. ஆள் வேணும்."

நான் வாசலில் நின்று கூப்பிட்டேன். அர்த்தநாரி வந்தார். மேல்வீட்டுக்காரர் வந்தார். டாக்டரம்மா கூட வந்தார். ஆளுக்கொரு மூலை பிடித்து "ஓ" என்று சத்தம் போட்டுத் தூக்கினார்கள். கலாமணி முன்னால் போய்த் தன் கதவை அகலத் திறந்து வைத்தாள். உள்ளே ஏதோ டர்ரென்று கிழிகிற சத்தம் கேட்டது. பெட்டி உள்ளே போனது.

வாசல்படி தாண்டும்போது கனகராஜ், "வர்றேனுங்க" என்றார். நான் கையை ஆட்டினேன். பெட்டிக்குள் இருக்கிறவருக்கு அது தெரியாது என்று பிறகுதான் நினைவு வந்தது.

தூக்கியவர்கள் திரும்பும்போது என் ஹாலைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இது எங்க மிக்ஸியாட்டம் இருக்குதே?" என்றார் மேல்வீட்டுக்காரர்.

"உங்களுதுதான்."

"சொல்லவே இல்ல பாருங்க."

டாக்டரம்மா யோகா விரிப்பை எடுத்துக்கொண்டார். அர்த்தநாரி வடிகட்டியை எடுத்துக்கொண்டார். கீழ்வீட்டுக்காரர்கள் சேதி கேட்டு வந்து மின்விசிறியைக் கொண்டுபோனார்கள். முகம் தெரியாத ஒருவர் வந்து ஒற்றைக்கால் செருப்பை அங்கேயே போட்டுக்கொண்டு நடந்து போனார். நான் முறுக்குத் தட்டை எடுத்து எல்லாரிடமும் நீட்டினேன். எல்லாருடைய கையிலும் பெட்டி இருந்தது.

"இன்னொரு நாளைக்கு வர்றோமுங்க" என்றார்கள்.

எல்லாரும் போன பிறகு ஹால் ரொம்பப் பெரிதாக இருந்தது. தும்மினால் திரும்பக் கேட்டது. கலாமணி வீட்டில் கனகராஜின் குரல் கேட்டது. "உப்பு இல்ல" என்றார். "போட்டுக்குங்க" என்றாள் அவள். தட்டு தள்ளப்படும் சத்தம். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ஹாலுக்குள்ளேயே நடந்தேன். ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குப் போய்ச் சேரவே வெகுநேரமானது.

மறுநாள் காலை தைக்கப் புடவை எதுவும் இல்லை. ஷாநவாஸ் வருகிற நேரத்துக்கு நான் கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மணி அடிக்கவில்லை. கீழே வண்டிச் சத்தம் கேட்டதும் இறங்கிப் போனேன். அவர் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, முதுகுப் பையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பை தொங்கிப்போயிருந்தது.

"ரிட்டர்ன் எடுக்க வந்தீங்களா? அது போயிருச்சுங்க. அவங்களே எடுத்துக்கிட்டாங்க" என்றேன்.

"சொன்னாங்கக்கா. நல்லதாப் போச்சு."

"வேற எதுவும் இல்லைங்களா? யாராச்சும் வாங்காம விட்டது?"

"இல்லீங்கக்கா. இன்னிக்கு எல்லாரும் ஊட்டுல இருந்தாங்க. மணி அடிச்சதும் தெறந்துட்டாங்க."

"நல்லாப் பாருங்க."

அவர் பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினார். கொஞ்சம் தூசி விழுந்தது. ஒரு ரப்பர் பேண்ட் விழுந்தது. அதை எடுத்துத் தன் மணிக்கட்டில் போட்டுக்கொண்டார். நான் நகராமல் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பரிதாபமா, களைப்பா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினார்.

"இதைச் சித்தெ வெச்சிருங்கக்கா. எதுத்தாப்புல டீ குடிச்சுட்டு வந்து வாங்கிக்கறேன்."

"யாரு பேருக்குங்க?" என்று கேட்டேன்.

"எம் பேருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து போனார்.

மதில் ஓரம் நிழலில் நின்றுகொண்டேன். அவர் டீ குடித்தார். இன்னொரு டீ வாங்கினார். ஹெல்மெட்டை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். உள்ளே இன்னும் சூடு இருந்தது.